ஆயர், பேராயர், போதகர், பங்குத்தந்தை: யார் யார், எப்படிக் கூப்பிடுவது?

ஆயர் பெரியவரா, பேராயர் பெரியவரா, பங்குத்தந்தையும் போதகரும் பாஸ்டரும் ஒரே ஆள்தானா, விழாவுக்கு அழைப்பதென்றால் எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எந்தச் சபை என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கல்யாணப் பத்திரிகை, கல்வெட்டு வாசகம் எல்லாம் டைப் செய்து வடிவமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. கிறிஸ்தவ வீட்டு ஆர்டர் என்றால் பெண், மாப்பிள்ளை பெயருக்கு முன்பே நான் கேட்பது, "ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, பெந்தெகொஸ்தேயா?" என்பதுதான். ஆர்.சி. என்றால் ரோமன் கத்தோலிக்கம், சி.எஸ்.ஐ. என்றால் தென்னிந்தியத் திருச்சபை.

குழப்பத்தின் மூலமே 'ஆயர்' என்ற சொல்தான். கத்தோலிக்கத்தில் ஆயர் என்றால் ஒரு மறைமாவட்டத்துக்கே, அதாவது பல ஊர்க் கோயில்கள் சேர்ந்த நிர்வாகப் பகுதிக்கே தலைவர், பிஷப். அவர்களிடம் பேராயர் என்பவர் உயர்மறைமாவட்டத்தின் தலைவர். சென்னை-மயிலை, மதுரை, புதுவை-கடலூர் ஆகியவற்றுக்குப் பேராயர்; தூத்துக்குடி, கோட்டாறு, தஞ்சாவூர் போன்றவற்றுக்கு ஆயர். சி.எஸ்.ஐ.யில் கதையே வேறு. மறைமாவட்டத்தை அங்கே திருமண்டலம் என்பார்கள், அதன் பிஷப்பே பேராயர்தான். ஆயர் என்பது, குறிப்பாகச் சென்னைப் பக்கம், உள்ளூர் ஆலயத்தில் ஆராதனை நடத்தும் குருவானவர். ஆக, கத்தோலிக்க ஆயரும் சி.எஸ்.ஐ. பேராயரும் ஒரே படி, சி.எஸ்.ஐ. ஆயரும், ஓர் ஊர்க் கோயிலையும் அதன் மக்களையும் (அதுதான் 'பங்கு') பார்த்துக்கொள்ளும் கத்தோலிக்கப் பங்குத்தந்தையும் ஏறக்குறைய ஒரே வேலை.

ஒரு கலப்புக் கல்யாணம். பெண் வீடு ஆர்.சி., மாப்பிள்ளை வீடு சி.எஸ்.ஐ. மாப்பிள்ளையின் அப்பா கொடுத்த தாளில் 'எங்கள் ஆயர் ஆசியுரை' என்று இருந்தது. ப்ரூஃப் பார்க்க வந்த பெண்ணின் தாய்மாமா பதறிப்போனார். "ஆயரே வர்றாரா? எங்ககிட்ட யாரும் சொல்லலியே! தம்பி, பேருக்கு முன்னால 'மேதகு' போடுங்க, எழுத்தைப் பெருசாக்குங்க. எங்க சாமியார் பேரு அதுக்குக் கீழதான் வரணும்." வருகிறவர் அவர்கள் தெருமுனை ஆலயத்துக் குருவானவர்தான் அண்ணாச்சி என்று விளக்குவதற்குள் மனுஷர் வீட்டுக்குப் போன் போட்டு, மேளதாளத்தோடு வரவேற்பு வரைக்கும் போய்விட்டார். கடைசியில் இரண்டு பெயரையும் ஒரே வரியில், ஒரே அளவில் போட்டோம்.

சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் போன்ற பல சபைகள் இணைந்து 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது. அதன் மொத்தத் தலைவரை மாடரேட்டர் என்பார்கள், தமிழில் பிரதமப் பேராயர். பேராயர்களில் ஒருவரைத்தான் சினாடு, அதாவது அந்தச் சபையின் உச்ச நிர்வாக மன்றம், குறிப்பிட்ட காலத்துக்குத் தேர்ந்தெடுக்கும். காலம் முடிந்தால் அடுத்தவர் வருவார். அதனால் பழைய பத்திரிகையைப் பார்த்து அப்படியே காப்பியடிக்காதீர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும். கத்தோலிக்கத்தில் திருநிலை, அதாவது சடங்கு செய்து அபிஷேகம் பெறும் நிலை, மூன்றே படிதான்: திருத்தொண்டர், குரு, ஆயர். மற்றதெல்லாம் பொறுப்பு. பங்குத்தந்தை, உதவிப் பங்குத்தந்தை, பல பங்குகளைச் சேர்த்துப் பார்க்கும் மறைவட்ட முதன்மைக் குரு, ஆயருக்கு அடுத்து நிர்வாகம் பார்க்கும் குருகுல முதல்வர் எல்லோரும் குருக்களே. மாற்றல் வந்தால் பொறுப்பு போகும், குருத்துவம் போகாது. கர்தினாலும் தனிப் படி இல்லை, திருத்தந்தை கொடுக்கும் பதவி. எண்பது வயதுக்கு உட்பட்ட கர்தினால்கள்தான் அடுத்த திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பில் கலந்துகொள்ளலாம். திருத்தந்தையும் உரோமை நகரின் ஆயர்தான். 'போப்பாண்டவர்' என்பது பத்திரிகைத் தமிழ். கோயிலுக்குள் இப்போது 'திருத்தந்தை'தான்.

கல்வெட்டு வேலை வந்தால் பழைய சொற்களும் எதிர்ப்படும். கத்தோலிக்கக் கோயில்களில் 'மேற்றிராணியார்', திருநெல்வேலிப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. ஆலயங்களில் 'அத்தியட்சர்' என்று இருக்கும். இரண்டுமே பிஷப்தான். 1912-இல் தோர்ணக்கல் பிஷப்பான வி.எஸ். அசரியாவை, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் அவர், பழைய ஆட்கள் அத்தியட்சர் என்றுதான் சொல்வார்கள். 1923-இல் தூத்துக்குடிக்கு ஆயராக வந்த திபூர்சியுஸ் ரோச் அந்தக் காலத் தமிழில் மேற்றிராணியார். புதுக் கல்வெட்டில் இந்தச் சொற்களைப் போடச் சொன்னால் நான் தடுப்பதில்லை. ஆனால் ஒரே கல்லில் 'மேற்றிராணியார்' ஒரு வரியிலும் 'ஆயர்' அடுத்த வரியிலும் வந்தால், இரண்டு வேறு பதவி என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

சரி, நேரில் எப்படிக் கூப்பிடுவது? கத்தோலிக்கக் குருவை 'ஃபாதர்' என்றால் போதும், ஊர்ப்புறங்களில் 'சாமி'. எழுத்தில் அருட்தந்தை அல்லது அருட்பணி. ஆயருக்கு 'மேதகு' சேர்த்து, பெயருக்குப் பின்னால் 'ஆண்டகை' என்று எழுதுவதும் உண்டு. குருமடத்தில் படிக்கும் மாணவர் 'பிரதர்'. சி.எஸ்.ஐ. குருவானவரைத் தென்மாவட்டங்களில் 'ஐயர்' என்பார்கள், "ஐயர் வந்துட்டாங்களா?" என்று. சாதிப் பெயர் என்று நினைத்துத் திகைக்க வேண்டாம். கல்யாணம் ஆனவர்களே அதிகம் என்பதால் மனைவிக்கு 'ஐயரம்மா' என்று மரியாதை. ஆனால் அந்தச் சபையில் பெண்களும் குருவாக இருக்கிறார்கள். 2013-இல் ஒரு பெண் நந்தியால் பேராயரே ஆனார். ஆகவே 'அம்மா' என்று யாராவது எழுதிக் கொடுத்தால், குருவின் மனைவியா, குருவே அவர்தானா என்று கேட்காமல் நான் அச்சுக்கு அனுப்புவதில்லை.

பெந்தெகொஸ்தே சபைகளில் இவ்வளவு படிகள் கிடையாது. பாஸ்டர் என்று கூப்பிட்டு, போதகர் என்று எழுதினால் சரியாக இருக்கும். பெரிய சபையென்றால் தலைமைப் போதகர். சிலர் பிஷப் என்றும் போட்டுக்கொள்கிறார்கள், அதற்குப் பின்னால் மறைமாவட்டம், திருமண்டலம் என்று எதுவும் இருக்க வேண்டியதில்லை. அவர் லெட்டர் பேடில் எப்படி இருக்கிறதோ அப்படியே போட்டுவிடுங்கள், விசாரணை நம் வேலையில்லை.

'பாதிரியார்' என்பதை மட்டும் அழைப்பிதழில் தவிர்த்துவிடுங்கள். செய்தித்தாளில் எல்லாச் சபைக்கும் பொதுவாக ஓடும் சொல் அது, தப்பொன்றும் இல்லை. ஆனால் அழைக்கிற வீட்டுக்காரரே அப்படி எழுதினால், இவர் கோயில் பக்கமே போகாதவர் போல என்று அந்தச் சபைக்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.