புள்ளிப்பட்டியலை வைத்து ஸ்கோரைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: நான்கு கால்பந்து அணிகள் தங்களுக்குள் ஒரு முறை மோதின. வென்றால் 3 புள்ளி, டிராவுக்கு 1. கடைசியில் நான்குக்கும் தலா 4 புள்ளி. போட்ட கோல்: மெக்சிகோ 3, அயர்லாந்து 2, இத்தாலி 2, நார்வே 1. ஒவ்வொரு அணியும் போட்ட அளவுக்கே கோல் வாங்கியும் இருக்கிறது. அயர்லாந்து - நார்வே ஆட்டம் டிரா. மெக்சிகோவை நார்வே வென்றது. ஆறு ஆட்டங்களின் ஸ்கோர் என்ன? எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தும் பிடிபடவில்லை.

பதில்: கோலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதலில் யார் யாரை வென்றார்கள் என்று பார்ப்போம். மூன்று ஆட்டத்தில் 4 புள்ளி வர ஒரே வழிதான்: ஒரு வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி. அயர்லாந்தும் நார்வேயும் டிரா செய்துவிட்டதால், மிச்சமுள்ள டிரா இத்தாலி - மெக்சிகோ. நார்வேக்கு மெக்சிகோவிடம் வெற்றி கிடைத்துவிட்டது. ஆகவே இத்தாலியிடம் தோற்றிருக்க வேண்டும். அப்படியானால் இத்தாலி அயர்லாந்திடம் தோற்றது, அயர்லாந்து மெக்சிகோவிடம் தோற்றது.

இனி கோல். குறைவாகக் கோல் உள்ள அணியில்தான் கை வைக்க வேண்டும், அங்கேதான் வழி குறுகலாக இருக்கும். நார்வே போட்டது ஒன்று, வாங்கியது ஒன்று. வெற்றி 1-0, தோல்வி 0-1, டிரா 0-0. மூன்று ஆட்டம் முடிந்தது!

இத்தாலி போட்ட இரண்டில் ஒன்று நார்வேக்கு எதிராகப் போய்விட்டது. மற்றொன்று எங்கே? அயர்லாந்துக்கு எதிராக என்று வைத்துக்கொண்டால், மெக்சிகோவுடன் 0-0 ஆகிவிடும். அப்போது மெக்சிகோவின் மூன்று கோலும் அயர்லாந்து வலையில்தான் விழ வேண்டும். அயர்லாந்து வாங்கியதே மொத்தம் இரண்டு. ஆக, அது தப்பு. அந்தக் கோல் மெக்சிகோவுக்கு எதிரானது, ஆட்டம் 1-1.

மெக்சிகோவுக்கு மிச்சம் இரண்டு கோல். நார்வேயிடம் ஒன்று, இத்தாலியிடம் ஒன்று என ஏற்கெனவே இரண்டு வாங்கியாயிற்று. மூன்றாவது அயர்லாந்து போட்டது. மெக்சிகோ 2, அயர்லாந்து 1. அயர்லாந்தின் இன்னொரு கோல் இத்தாலிக்கு எதிராக, 1-0.

இது கற்பனைக் கணக்கு இல்லை. அமெரிக்காவில் நடந்த 1994 உலகக் கோப்பையின் ஈ பிரிவு அப்படியே இதுதான். அதிகக் கோல் போட்ட மெக்சிகோ முதலிடம். இத்தாலியை வென்றிருந்ததால் அயர்லாந்து இரண்டாமிடம். பாவம் நார்வே, அதே 4 புள்ளியோடு ஊருக்குத் திரும்பியது. மூன்றாவதாக வந்த இத்தாலியோ இறுதிப் போட்டி வரை போய், பெனால்டியில் பிரேசிலிடம் தோற்றது.

இதே மாதிரி வேறு புதிர் கிடைத்தால், வெற்றிக்கு எத்தனை புள்ளி என்பதை முதலில் பாருங்கள். உலகக் கோப்பையில் 3 புள்ளி முறை வந்ததே 1994-இல்தான். அதற்கு முன்பு 2. அந்தக் கணக்கில் 4 புள்ளி என்றால் இரண்டு வெற்றி ஒரு தோல்வியாகவும் இருக்கலாம், ஒரு வெற்றி இரண்டு டிராவாகவும் இருக்கலாம். அப்போது இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பார்த்துத்தான் ஒன்றை அடிக்க முடியும்.