அது வேறு விஷயம் இல்லை

கேள்வி: என் மகளுக்கு வயது 26. மூன்று வருடங்களாகப் பெங்களூரில் தங்கிக் கன்னடத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நடிக்கிறாள். உறவினர்களிடம் ஐ.டி. நிறுவனத்தில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறோம். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற என் கணவர் அவளிடம் நேராகப் பேசுவதில்லை. மகனின் பொறியியல் கல்லூரிக் கட்டணத்தை இரண்டு வருடங்களாக அவள்தான் கட்டுகிறாள், அது வேறு விஷயம். ஆவணியில் ஒரு நல்ல இடத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அவள் அறைச் சுவரில் அன்னா மே வாங் என்ற பழைய சீன-அமெரிக்க நடிகையின் படத்தை ஒட்டி வைத்திருக்கிறாள். அவரைப் பற்றி நானும் தேடிப் படித்தேன். கல்யாணமே ஆகாமல், வாய்ப்பும் குறைந்து, குடிப்பழக்கத்தில் விழுந்து, 56 வயதில் இறந்திருக்கிறார். இந்தக் கதையை என் மகளின் மனத்தில் தைக்கும்படி சொல்லி நடிப்பை விடச் செய்ய வேண்டும். எப்படிச் சொல்வது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: ஊர்ப்பெயரும் தொழிலும் மட்டும் மாறி இந்தக் கடிதம் எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. ஆகவே ஆறுதல் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு வாக்கியத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. மகனின் கல்லூரிக் கட்டணத்தை மகள் கட்டுகிறாள் என்று எழுதிவிட்டு, "அது வேறு விஷயம்" என்று சேர்த்திருக்கிறீர்கள். அது எப்படி வேறு விஷயமாகும்? எந்தத் தொழிலின் பெயரைச் சொல்ல உங்கள் நாக்கு கூசுகிறதோ, அந்தத் தொழிலின் சம்பளத்தில்தான் உங்கள் மகன் படித்துக்கொண்டிருக்கிறான். இதை ஒரு ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, சுவரில் இருக்கும் படத்தை வைத்து மகளைப் பயமுறுத்த என்னிடம் வழி கேட்கிறீர்கள்.

படத்தில் இருப்பவரைப் பற்றி நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்திருக்கிறீர்கள். அன்னா மே வாங் 1905 ஜனவரி 3 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். தந்தை வாங் சாம் சிங் சலவைக்கடை வைத்திருந்தார். அவரே கலிஃபோர்னியாவில் பிறந்தவர் என்றாலும், சீன முகம் என்பதற்காக அந்தக் குடும்பத்தை அந்நியராகவே பார்த்த காலம் அது. பள்ளியில் வெள்ளைப் பிள்ளைகள் கேலி செய்து துன்புறுத்தியதால், பெற்றோர் அவரையும் அக்காவையும் சீனப் பிள்ளைகளுக்கான மிஷன் பள்ளிக்கு மாற்றினார்கள். துவைத்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்ததில் கிடைத்த சில்லறைக் காசில் அந்தச் சிறுமி சினிமா பார்த்தார். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் படப்பிடிப்பு நடக்கும் தெருக்களில் போய் நின்றார், அதற்காக அப்பாவிடம் அடியும் வாங்கினார். 14 வயதில், 1919இல் வெளிவந்த ஒரு படத்தில், கையில் விளக்கேந்தி நடக்கும் கூட்டத்தில் ஒருவராக அவர் நின்றது அப்பாவுக்குத் தெரியாது.

தெரிந்த பிறகு அந்தத் தந்தை செய்ததைக் கவனியுங்கள். மகள் நடிப்பதில் அவருக்கு விருப்பம் இல்லை. ஆனாலும் பெரியவர் ஒருவர் துணைக்கு இருந்தே தீர வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுப்பினார். நடிகர் கூட்டத்தில் சீன முகம் அவளுடையது மட்டுமாக இருந்தால், காட்சிகளுக்கு இடையே ஒப்பனை அறையில் வைத்துப் பூட்டச் சொன்னார் என்றும் சொல்வார்கள். அந்தப் பூட்டை நான் மெச்சவில்லை. ஆனால் விருப்பமில்லாத அந்த மனிதருக்கு, மகள் எங்கே வேலை செய்கிறாள், அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்பது தெரிந்திருந்தது. உங்கள் கணவருக்குத் தெரியுமா? இந்த மூன்று வருடங்களில் நீங்கள் இருவரும் ஒருமுறையாவது பெங்களூர்ப் படப்பிடிப்புத் தளத்துக்குப் போயிருக்கிறீர்களா? போனதாகக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. கன்னடம் பேசாத வீட்டில் வளர்ந்த பெண் கன்னடத் தொடரில் நின்று காட்டியிருக்கிறாள், அதைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

இனி, உங்கள் கைபேசி உங்களுக்குச் சொல்லாத பகுதி. 17 வயதில், இரு வண்ண டெக்னிகலர் முறையில் 1922இல் எடுக்கப்பட்ட படத்தில், அன்னா மே கதாநாயகியானார். 1924இல் ஹாலிவுட் நட்சத்திரம் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸின் பாக்தாத் படத்தில் மங்கோலிய அடிமைப் பெண்ணாக வந்து உலகம் முழுவதும் தெரிந்த முகமானார். பெயர் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. 1931இல் ஒரு படத்தில் முதல் பெயராகப் போடப்பட்டது இவருடைய பெயர், சம்பளம் 6,000 டாலர். அதே படத்தில் சீன வில்லனாக ஒப்பனை செய்துகொண்டு சிறிது நேரமே வந்து போன ஸ்வீடன் நாட்டுக்காரர் வார்னர் ஓலண்டுக்கு 12,000 டாலர். இப்படி வந்த சம்பளத்தில்தான் அவர் தன் தம்பி தங்கைகளைப் படிக்க வைத்தார். 1934இல் தந்தை இளைய பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சீனாவில் இருந்த பூர்வீக ஊருக்குத் திரும்பியபோது, அந்தப் பிள்ளைகளோடு போன படிப்பு அக்கா நடித்துக் கட்டிய படிப்பு. உங்கள் மகள் எதற்காக இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்து ஒட்டினாள் என்று நான் ஊகிக்கத் தேவையில்லை. நீங்கள் யோசித்திருக்க வேண்டும்.

கல்யாணம் ஆகவில்லை என்கிறீர்கள். ஏன் ஆகவில்லை என்று படித்தீர்களா? கலிஃபோர்னியாவில் சீனப் பெண் வெள்ளைக்காரரை மணப்பது அன்று சட்டப்படி செல்லாது. அந்தத் தடையை மாநில உச்ச நீதிமன்றம் நீக்கியது 1948இல்தான். அப்போது அவருக்கு 43 வயது. சரி, சீனாவிலிருந்து வந்த ஒருவரை மணந்திருக்கலாமே என்றால், 1922ஆம் ஆண்டின் கேபிள் சட்டப்படி, குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்ட அயல்நாட்டவரை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையையே இழந்துவிடுவார். அந்த விதி நீங்கியது 1931இல். சீனர் அமெரிக்காவில் குடியேறுவதைத் தடுத்து 1882 முதல் நடப்பில் இருந்த சீனர் விலக்குச் சட்டமோ 1943 வரை நீடித்தது. அமெரிக்காவிலேயே பிறந்தவராக இருந்தும், வெளிநாடு போகும்போதெல்லாம், திரும்பி வருவதற்கான அனுமதிப் படிவத்தை முன்கூட்டியே நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் கப்பல் ஏற வேண்டியிருந்தது. இத்தனையையும் விட்டுவிட்டு, நடித்ததால் கல்யாணம் ஆகவில்லை என்று உங்கள் மகளிடம் சொல்லப் போகிறீர்களா? அவள் சிரித்துவிடுவாள், பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டாள்.

வாய்ப்பு குறைந்த கதையும் இப்படித்தான். வேண்டிய வேடம் கிடைக்காமல் 1928இல் அக்கா லூலுவோடு ஐரோப்பா போனார். ஜெர்மன் மொழி கற்றார். 1929இல் லண்டன் மேடையில் அவருடைய அமெரிக்க உச்சரிப்பை விமர்சகர்கள் கிண்டல் செய்தபோது, ஆசிரியர் வைத்து அதைத் திருத்திக்கொண்டார். புகழோடு திரும்பி வந்து காத்திருந்தது ஒரு வேடத்துக்காக. சீன விவசாயக் குடும்பத்தைப் பற்றிய பேர்ல் பக்கின் நாவலை எம்.ஜி.எம். நிறுவனம் 'தி குட் எர்த்' என்று படமாக்கியது. கதாநாயகனாக, ஒப்பனையில் சீனராக்கப்பட்ட பால் முனி ஒப்பந்தமானார். வெள்ளைக்கார நடிகருக்கு மனைவியாகச் சீனப் பெண் நடிப்பதற்கு அன்றைய திரைப்படத் தணிக்கை விதி இடம் கொடுக்கவில்லை. ஆகவே மனைவி வேடம் லூயிஸ் ரெய்னருக்குப் போனது, அவருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதும் கிடைத்தது. குடும்பத்தைக் கெடுக்க வரும் இரண்டாம் தாரமாக நடிக்கிறீர்களா என்று அன்னா மேயைக் கேட்டார்கள். சீனர் கதையில், சீன ரத்தம் ஓடும் ஒருத்தியிடம் இரக்கத்துக்கு இடமில்லாத அந்த ஒரு வேடத்தைத்தான் கொடுப்பீர்களா என்று மறுத்துவிட்டார். கையில் வந்த சம்பளத்தை வேண்டாம் என்று சொல்ல, வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது, மாதக் கடைசி தெரிந்த உங்களுக்கு விளங்காமல் போகாது. அவருடைய தங்கை மேரி அதே படத்தில் ஒரு சிறு வேடத்தில் நடித்தார் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

1936இல் அவர் சீனா போனார், பூர்வீக ஊரில் இருந்த தந்தையையும் உடன்பிறந்தவர்களையும் போய்ப் பார்த்தார். நான்ஜிங்கில் அவருக்கு விருந்து கொடுத்த பெரிய மனிதர்கள், மாற்றி மாற்றி எழுந்து மணிக்கணக்காகப் பேசினார்கள், பேச்செல்லாம் வசை. சீனரைக் கேவலப்படுத்தும் வேடங்களில் ஏன் நடித்தாய் என்று கேட்டார்கள். தொழிலில் காலூன்றும் வரை கிடைத்ததைத்தான் ஏற்க வேண்டியிருந்தது என்று அவர் பதில் சொன்னார். ஆனால் ஜப்பானியப் படை சீனாவுக்குள் நுழைந்த பிறகு, தன் திரைப்பட உடைகளை 1938இல் ஏலம் விட்டுச் சீன நிவாரணத்துக்குக் கொடுத்தவரும், 1942இல் நடித்த இரண்டு போர்க்காலப் படங்களின் சம்பளத்தை அதே நிவாரணத்துக்கு அளித்தவரும் இவர்தான். வசையைச் சாப்பாட்டோடு பரிமாறிய கூட்டம் அவருடைய காசை வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டில் நடப்பதும் இதுவேதான் என்று நான் எழுதுவது கடுமையாக இருக்கலாம். இருக்கட்டும்.

குடிப்பழக்கம் உண்மை, மனச்சோர்வும் உண்மை, அவற்றை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர் திக்கற்றுக் கிடந்தார் என்று நீங்கள் நினைப்பது தவறு. 1951இல் டூமாண்ட் தொலைக்காட்சியில் துப்பறியும் கலைப்பொருள் வணிகராக ஒரு தொடரில் நடித்தார். ஆசிய வம்சாவளியினர் ஒருவரை முதன்மைப் பாத்திரமாக வைத்து அமெரிக்காவில் வந்த முதல் தொடர் அது. அந்தப் பாத்திரத்துக்கு வைத்த பெயர், பெற்றோர் அவருக்கு வைத்த லியூ சாங் என்ற பெயர். ஒளிப்பதிவுகள் எதுவும் இன்று எஞ்சவில்லை. சான்டா மோனிகாவில் சொந்தக் கட்டடத்தை வீடுகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டார். கடைசி வருடங்களில் தம்பி ரிச்சர்டோடு ஒரே வீட்டில் வாழ்ந்தார். 1960இல் மீண்டும் பெரிய படமொன்றில் நடித்தார், 1961 பிப்ரவரியில் மாரடைப்பால் இறந்தார். 1930இல் வீட்டு வாசலில் கார் மோதி இறந்துபோன தன் அம்மாவின் கல்லறையிலேயே அவரையும் சேர்த்தார்கள். 2022இல் அமெரிக்க அரசு கால் டாலர் நாணயத்தில் அவர் முகத்தைப் பொறித்தது தனிக்கதை, அதை வைத்து உங்களைச் சமாதானப்படுத்த நான் விரும்பவில்லை. உங்கள் மகளுக்கு நாணயம் தேவையில்லை, வீடு தேவை.

குடும்பத்தைப் பற்றி என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவரவர் சம்பாத்தியம் அவரவருக்கு என்று சொல்லும் கட்சியைச் சேர்ந்தவள் இல்லை நான். மூத்தவள் சம்பாதித்து இளையவனைப் படிக்க வைப்பது நல்ல காரியம், அவள் செய்ய வேண்டியதும்கூட. ஆனால் கடமை ஒருவழிப் பாதை ஆகாது. அவள் பணத்தை வாங்கிக்கொள்ளும் வீடு, அவள் பெயரையும் தொழிலையும் நாலு பேர் முன்னால் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. சொல்ல முடியாத அளவுக்கு அது கேவலமான தொழில் என்று நீங்கள் உண்மையாகவே நம்பினால், அடுத்த பருவக் கட்டணத்தை உங்கள் கணவரின் ஓய்வூதியத்திலிருந்து கட்டுங்கள், நகையை அடகு வையுங்கள், மகனைக் கல்விக்கடன் வாங்கச் சொல்லுங்கள். அதைச் செய்யத் தயாராக இல்லையென்றால் வெட்கப்படும் உரிமையும் உங்களுக்கு இல்லை. காசு நல்லது, அதைக் கொண்டுவரும் கை மட்டும் தீட்டு என்று ஒரு வீட்டில் நடத்த முடியாது.

உங்கள் மகளையும் முழுவதுமாக விட்டுவிட மாட்டேன். மூன்று வருடங்களாக இந்த ஐ.டி. பொய்க்கு அவளும் உடந்தையாக இருந்திருக்கிறாள். உறவுக்காரர் கல்யாண வீட்டில் நிற்கும்போது எந்தக் கம்பெனி என்று கேட்டால் அவளும் எதையோ சொல்லித்தான் சமாளித்திருப்பாள். அதை அவள் நிறுத்த வேண்டும். ஆனால் தொடங்கி வைத்தவர்கள் நீங்கள், ஆகவே முதலில் நிறுத்த வேண்டியவர்களும் நீங்கள்.

சுவரில் இருக்கும் படத்தைப் பற்றி அவளிடம் எதுவும் சொல்லாதீர்கள், கேளுங்கள். யார் இவர், என்ன செய்தார் என்று அம்மா கேட்டால் சொல்ல அவளிடம் நிறைய இருக்கும். உங்கள் மகனிடம், அவனுடைய கட்டணம் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது என்பதை அத்தை சித்தப்பா வீடுகளில் அவன் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். படித்துக்கொண்டிருக்கும் ஆண்பிள்ளைக்கு அந்தத் துணிவுகூட இல்லையென்றால் அந்தப் படிப்பால் என்ன பயன்? உங்கள் கணவர் பெங்களூருக்குப் போய், மகள் வேலை செய்யும் இடத்தைப் பார்த்துவிட்டு வரட்டும். பாராட்ட வேண்டியதில்லை, போனால் போதும்.

ஆவணியில் வருகிற அந்த நல்ல இடத்துக்கு இன்னும் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. உறவினர்களுக்குச் சொன்னதையே அவர்களுக்கும் சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குப் படுகிறது. கன்னடத் தொடரைத் திருச்சியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம் நிச்சயதார்த்தம் வரைகூட நிற்காது. பெங்களூரில் அவர்களுக்கு ஓர் உறவினர் இருந்தால் போதும். ஆகவே தரகர் மூலமாக இல்லாமல், உங்கள் கணவரே அந்த வீட்டுப் பெரியவரைத் தொலைபேசியில் அழைத்து, என் மகள் தொலைக்காட்சியில் நடிக்கிறாள், அந்தச் சம்பளத்தில்தான் தம்பி படிக்கிறான் என்று சொல்லட்டும். அதைக் கேட்டுப் பயணத்தை நிறுத்திக்கொள்கிறவர்கள் வராமலேயே இருக்கட்டும்.