பரணிப் பேய்கள் யாரையும் கொல்வதில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கதைகளில் வரும் பேயும் அரக்கனும் நமக்குள் இருக்கும் கொடூரத்தின் உருவம்தான் என்றார் ஒரு நண்பர். நம் பழைய இலக்கியப் பேய்களுக்கும் இது பொருந்துமா?

எம்.

அன்புள்ள எம்.,

எத்தனையோ கதைகளுக்குப் பொருந்தும், ஆனால் சோழர் கலிங்கத்தை வென்றதை ஜெயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் இடிக்கிறது. அதில் பேய்கள் யாரையும் கொல்வதில்லை. கலிங்க மன்னன் திறை கட்டவில்லை என்று சோழ மன்னன் குலோத்துங்கன் படை அனுப்புகிறான், அவன் தளபதி கருணாகரத் தொண்டைமான் போய்த் துவம்சம் செய்கிறான், கொலை மொத்தமும் மனிதர் கணக்குதான். பேய்களுக்கு இருப்பது பசி. எலும்புகளை நரம்பால் இழுத்துக் கட்டிய விறகு மாதிரி உடம்பு.

போர் முடிந்ததும் சமைக்கக் கிளம்புகின்றன பாருங்கள், அங்கேதான் விஷயமே இருக்கிறது. முதலில் பல் விளக்க வேண்டும், அதற்கு யானைத் தந்தம். நாக்கு வழிக்க யானையின் விலா எலும்பு. அப்புறம் செத்தவர்களின் பற்களை அரிசியாக்கிக் கேடயத்தில் புடைத்துக் கூழ் காய்ச்சுகின்றன. பந்தியில் பார்ப்பனப் பேய், புத்தப் பேய் என்று ஆளுக்கேற்ற கவனிப்பு வேறு. உயிரைக் கொல்லாத, ஒருவேளை மட்டுமே உண்ணும் சமணப் பேய்க்கு மயிர் கிடக்கிறதா என்று பார்த்து, நிணத்தையே, அதாவது கொழுப்பையே, துணியாக்கி வடிகட்டி ஊற்ற வேண்டுமாம்! புருஷன் குடிக்க மாட்டான் என்று சொல்லி அவன் பங்கையும் தானே குடித்துவிடும் பேய்கூட உண்டு.

இதில் மற்ற சமயத்தாரைச் சீண்டும் குசும்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இதற்கு முந்தைய பாடல்களுக்குப் போய்ப் போர்க்களத்தில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். துணியும் உருவப்பட்டுத் தப்பி ஓடும் கலிங்க வீரர்கள் 'நாங்கள் சமணர்கள்' என்கிறார்கள். இன்னும் சிலர் வில்லின் நாணை மடித்துப் பூணூலாகப் போட்டுக்கொண்டு, 'கங்கையில் குளிக்க வந்தோம், வழியில் மாட்டிக்கொண்டோம்' என்கிறார்கள். உயிர்ப் பயத்தில் மனிதனுக்கு விரதமும் பூணூலும் வேஷமாகிவிடுகிறது, பிணக்கூழ் குடிக்க உட்கார்ந்த பேயோ விரதத்தை விட மாட்டேன் என்கிறது. பசி, சுத்தம், விரதம், சின்னத் திருட்டு என்று வீட்டில் நடப்பதெல்லாம் பேய்களிடம் போய்விட, மனிதர்களுக்கு வெட்டுவதும் ஓடுவதும் மட்டுமே மிச்சம்.

இதற்காக ஜெயங்கொண்டாரைப் போர் எதிர்ப்பாளராக்கிவிட வேண்டாம். அவர் அரசனைப் புகழத்தான் பாடினார், பரணி என்பதே ஆயிரம் யானைகளை வென்ற வீரனுக்குப் பாடுவது. அவர் நினைத்துச் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை, பாட்டில் அப்படித்தான் வந்து விழுந்திருக்கிறது.

'களம் பாடியது' பகுதியை நல்ல உரையோடு படியுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும் வேண்டாம்.