பாதுகாப்புப் படகில் நிற்க நீச்சல் போதுமா?

கேள்வி: கிருஷ்ணகிரி அணை நீர்த்தேக்கத்தில் அனுமதி வாங்கி, பிள்ளைகளுக்குப் பாய்மரப் படகுப் பயிற்சி தொடங்கப் போகிறோம். சிறு படகுகள் ஆறு, மோட்டார் படகு ஒன்று. பாதுகாப்புக்கு நிற்க எட்டு பேர் முன்வந்திருக்கிறார்கள். எல்லோரும் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள். வேறு என்ன பயிற்சி தர வேண்டும்?

பதில்: நன்றாக நீந்துபவருக்குத் தண்ணீரில் தத்தளிக்கும் ஆளைக் கண்டதும் குதிக்கத்தான் தோன்றும். முதலில் அந்தப் பழக்கத்தை விடச் செய்யுங்கள். படகில் இருவர்தான்: ஒருவர் ஓட்டுகிறார், மற்றவர் கயிறு எறிந்து ஆளைத் தூக்குகிறார். ஒருவர் குதித்துவிட்டால் தூக்க ஆளில்லை, காப்பாற்ற வேண்டியவர்கள் இரண்டு பேராகிவிடுவார்கள்.

பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் நடத்தும் பாதுகாப்புப் படகுப் பயிற்சி 2 நாள்தான். ஆனால் வருபவருக்கு மோட்டார் படகு ஓட்டுவது ஏற்கெனவே கைவந்திருக்க வேண்டும். நீங்களும் அந்த வரிசையிலேயே போங்கள். ஓட்டக் கற்ற பிறகுதான் மீட்பு.

ஓட்டுபவர் கில் கார்டைக் காலில் மாட்டாமல் எஞ்சினைத் தொடக்கூடாது. அவர் தவறி விழுந்தால் அந்தக் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். இல்லாவிட்டால் ஆளில்லாப் படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே வரும். எனக்குத் தண்ணீரை விடப் புரொப்பல்லர் மேல்தான் பயம் அதிகம்.

ஆளை நெருங்குவதற்குப் பாதி தண்ணீர் ஊற்றிய இருபது லிட்டர் கேனை மிதக்கவிட்டுப் பழகுங்கள். காற்றை எதிர்த்து மெதுவாக வந்தால் படகு தானாக வேகம் குறையும். காற்று வரும் திசையிலிருந்து போனால் படகு அவர் மேல் தள்ளப்படும். எட்டும் தூரம் வருமுன் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். எட்டு பேருக்கும் இது சலித்துப்போகும் வரை செய்யுங்கள்.

படகு கவிழ்ந்தால் முதலில் தலைகளை எண்ணச் சொல்லுங்கள். எல்லோரும் தெரிந்தால் சற்றுத் தள்ளியே நிற்கலாம், பிள்ளைகளே படகை நிமிர்த்தப் பழகட்டும். ஒரு தலை குறைந்தால் பாய்க்கு அடியில் சிக்கியிருக்கலாம். பாய்மரத்தின் நுனியைப் பிடித்துத் தூக்கியபடி படகை நிமிர்த்துங்கள். ஆட்கள் எல்லோரும் ஏறிய பிறகுதான் படகைப் பற்றிய பேச்சு. கட்டி இழுக்க வேண்டுமானால் பாயை இறக்கி, படகின் நடுவில் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் நடுப்பலகையை மேலே தூக்கி, மெதுவாக இழுங்கள்.

அப்புறம், இந்த அணைக்கே உரிய விஷயங்கள். முழு மட்டம் 52 அடி. நீர் இறங்க இறங்கப் பாறைகள் மேலே வரும். எது எங்கே இருக்கிறது என்பது பரிசலில் மீன் பிடிப்பவர்களுக்குத்தான் அத்துபடி. ஒரு நாள் அவர்களைக் கூட்டிப் போய், வலை விரிக்கும் இடங்களையும் காட்டச் சொல்லுங்கள். புரொப்பல்லரில் வலை சுற்றினால் எஞ்சினை அணைத்துத் தூக்கி அறுக்க வேண்டும். ஆகவே படகில் கத்தி இருக்கட்டும். மதகுப் பக்கம் மிதவை கட்டி எல்லை வையுங்கள். ஆடிக் காற்றில் புதியவர்களை இறக்காதீர்கள்; அன்று இருக்கும் ஒரே மோட்டார் படகு ஆறு படகுக்குப் போதாது.

மூச்சு நின்றவருக்கு முதலில் ஐந்து முறை வாயோடு வாய் ஊதி, பிறகு 30 அழுத்தம், 2 ஊதல் என்று தொடர வேண்டும்; இதை மருத்துவரை வைத்தே கற்றுக்கொடுங்கள். 108 வண்டி எந்தக் கரை வரை வரும் என்பதையும் முன்பே பார்த்து வைத்துவிடுங்கள்.