வெள்ளம் வடிந்த பின் விளையாட்டுத் திடலின் தரை: எந்தப் பணத்தை யாரிடம் கேட்பது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் சுற்றியுள்ள மாவட்டங்களையும் மூழ்கடித்தது. அதே மாதம் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை திருநெல்வேலியையும் தூத்துக்குடியையும் தாக்கியது. அடுத்த ஆண்டு ஃபெஞ்சல் புயல் விழுப்புரம், கடலூர் பகுதிகளைப் புரட்டிப்போட்டது. சாலையும் மின்சாரமும் குடிநீரும் சீரான பிறகும் சேறு படிந்தபடியே கிடப்பவை விளையாட்டுத் திடல்கள்தாம். நகராட்சிப் பொறியியல் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி (குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர், தாம்பரம் பகுதி): ஐயா, எங்கள் பூங்காவில் ஊஞ்சல், சறுக்கு மரம் ஆகியவற்றின் அடியில் இருந்த மணல் அடித்துச் செல்லப்பட்டு, அதன்மேல் முழங்கால் அளவுக்குச் சேறு படிந்துள்ளது. பேரிடர் நிதியிலிருந்து முழுவதையும் சரிசெய்து தரக் கேட்கலாமா?

பதில்: முழுவதையும் ஒரே மனுவில் கேட்பதால்தான் பல கோரிக்கைகள் அப்படியே தங்கிவிடுகின்றன. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி அமைந்த மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில், தமிழ்நாட்டைப் பொறுத்தவரை 75 விழுக்காடு மத்திய அரசின் பங்கு. எஞ்சியது மாநிலத்தின் பங்கு. அந்நிதிக்கான செலவு நெறிமுறைகளில் உடனடிச் சீரமைப்புக்கு உரியவையாகச் சாலை, பாலம், குடிநீர், பாசனம், பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், ஊராட்சிக்குச் சொந்தமான சமுதாயச் சொத்துகள் ஆகியவையே முன்வரிசையில் நிற்கின்றன. பூங்காவின் தரைக்கு அங்கே தனி இடம் இல்லை. ஆனால் பொது இடங்களில் தேங்கிய நீரை இறைப்பதும் இடிபாடுகளையும் குப்பைக்கூளங்களையும் அகற்றுவதும் நிவாரணச் செலவில் அடங்கும்.

ஆகவே வேலையை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். சேற்றை அள்ளி அப்புறப்படுத்துவது நிவாரணப் பணி. அதை வெள்ளம் வடிந்த உடனேயே கேட்க வேண்டும், மூன்று மாதம் கழித்துக் கேட்டால் அது வழக்கமான பராமரிப்பாகிவிடும். இழந்த தரையை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவருவது மாநகராட்சியின் பொது நிதியிலோ வார்டு உறுப்பினரின் மேம்பாட்டு நிதியிலோ செய்யக்கூடிய சீரமைப்பு. தரையை உயர்த்துவதும் வடிகால் அமைப்பதும் புதிய வேலை. அதற்குச் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி (சி.எஸ்.ஆர்), மக்களும் பங்கு செலுத்தும் நமக்கு நாமே திட்டம் ஆகிய வாயில்கள் உண்டு. ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு குணம் உண்டு. அதற்கு ஒவ்வாத வேலையைக் கேட்டால் கோப்பு திரும்பி வரும்.

கேள்வி (அதே செயலாளர்): சேதத்துக்கு என்ன சான்று இணைக்க வேண்டும்?

பதில்: தேதியும் இடக்குறியும் பதிந்த படங்கள், சுவரில் நீர் நின்ற கோட்டை அளவுநாடாவுடன் காட்டும் படம், வெள்ளத்துக்கு முன் எடுத்த படம் ஒன்று. கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். குழந்தையின் பிறந்தநாளன்று பூங்காவில் எடுத்த படமாக இருந்தாலும், அதில் தரை தெரிந்தால் போதும். அத்துடன் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்து, அத்திடல் குறித்த சொத்துப் பதிவேட்டின் நகலையும் கடைசியாகத் தரை அமைத்தபோது எழுதிய அளவுப் புத்தகத்தின் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் ஏடு) நகலையும் வாங்கி வையுங்கள்.

கேள்வி (மனைப்பிரிவுக் குடியிருப்பாளர், செங்கல்பட்டு மாவட்டம்): எங்கள் திடல் மனைப்பிரிவு வரைபடத்தில் "பூங்கா" என்றே இருக்கிறது. ஆனால் நகராட்சி "இது எங்கள் இடம் இல்லை" என்கிறது.

பதில்: அப்படியானால் பணத்தைப் பற்றிப் பேசும் முன் பத்திரத்தைப் பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்புக்கு எழுதித் தர வேண்டும் என்பது விதி. மனைப்பிரிவை உருவாக்கியவர் வரைபடத்தில் பச்சை வண்ணம் பூசிவிட்டு, பத்திரத்தைப் பதிவு செய்யாமலே விட்டிருக்கலாம். உள்ளாட்சியின் பெயரில் இல்லாத நிலத்தில் பொதுப் பணத்தைச் செலவிட்டால் தணிக்கையில் ஆட்சேபம் வரும். எனவே எந்த அலுவலரும் கையெழுத்திடமாட்டார். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து, பத்திரம் இல்லையென்றால் அதைப் பெறும் முயற்சியை முதலில் தொடங்குங்கள்.

கேள்வி (பெற்றோர் ஒருவர், சென்னை): இரண்டு ஆண்டுகளுக்கு முன் போட்ட ரப்பர் தரை, வெள்ளம் வடிந்த பின் பாய்போலச் சுருண்டு எழுந்துவிட்டது. மீண்டும் அதையே போட நிதி கேட்க வேண்டுமா?

பதில்: முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். குறைபாடுகளுக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பேற்கும் காலம் முடிந்துவிட்டதா என்பதை அளவுப் புத்தகத்திலும் ஒப்பந்த நகலிலும் காணலாம். வெள்ளம் இயற்கைச் சீற்றம் என்று அவர் சொல்வார். ஆனால் ரப்பர் துகள் தரை நீரை ஊடுருவ விடும் பொருள். அதன் அடியில் நீர் வெளியேற வழியில்லாத கான்கிரீட் தளம் இருந்தாலோ, ஈரம் உலராத தளத்தின்மேல் பசை பூசியிருந்தாலோ, பசை விட்டுப்போவது வேலையின் குறையே ஆகும். பிரிந்த பகுதியில் தளம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறியாளர் முன்னிலையில் திறந்து பார்த்துப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். பிரியாத பகுதியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. துளைகளில் அடைத்த வண்டலை மிதமான அழுத்தத்தில் நீர் பாய்ச்சிக் கழுவினாலே அது பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி (வார்டு குழு உறுப்பினர்): சட்டமன்ற உறுப்பினர் நிதியில் திடல் முழுக்கப் பேவர் பிளாக் பதித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். ஏற்கலாமா?

பதில்: நடைபாதைக்கு ஏற்கலாம், ஊஞ்சலுக்கும் சறுக்கு மரத்துக்கும் அடியில் ஏற்கவே கூடாது. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் கண்ணுக்குத் தெரியும் நிலையான சொத்து உருவாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருப்பதால் பேவர் பிளாக் எல்லோருக்கும் வசதியான விடையாகிவிட்டது. அளப்பதும் எளிது, பட்டியல் போடுவதும் எளிது, திறந்துவைத்துப் படமெடுக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் விழும் குழந்தையின் தலையைக் கான்கிரீட் கல் காக்காது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு, 9 அங்குல ஆழ மணல் 4 அடி உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும் என்கிறது. மணல் அமுங்கிவிடுவதால் தொடக்கத்தில் 12 அங்குலம் நிரப்ப வேண்டும் என்றும் சொல்கிறது. இதைக் கொண்டு மாற்று மதிப்பீடு ஒன்றைத் தயாரித்துச் சட்டமன்ற உறுப்பினரிடமே கொடுங்கள். 200 சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு அடி ஆழம் என்றால் ஏறத்தாழ 60 கன மீட்டர், அதாவது 21 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) மணல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: மதிப்பீட்டில் "மணல்" என்று மட்டும் எழுதினால் எம்-சாண்ட் வந்து இறங்கும். அது உடைத்த பாறை. முனைகள் கூரானவை, தூசியும் மிகுதி. "கழுவிச் சலித்த, முனை மழுங்கிய மணல்" என்று விவரக்குறிப்பிலேயே எழுதச் செய்யுங்கள். சக்கர நாற்காலியில் வரும் குழந்தை மணலில் நகர முடியாது என்பதால், ஒரு பகுதியையாவது ரப்பர் தரையாகக் கேட்பது முறை.

கேள்வி (நலச்சங்கப் பொருளாளர், கடலூர் மாவட்டம்): நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை எங்கள் சங்கமே நேரடியாகப் பெற முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய வரம்புகளில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். பேரிடருக்குப் பின்னான மறுவாழ்வும் மறுகட்டுமானமும் அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இடம்பெற்றிருப்பதால், உங்கள் திட்டத்தைப் "பூங்கா அழகுபடுத்தல்" என்று எழுதாமல் வெள்ளச் சேத மறுகட்டுமானம் என்றே எழுதுங்கள். அதுவே உண்மையும்கூட. ஆனால் வெளி அமைப்பின் மூலம் செலவிடுவதாக இருந்தால், 2021 ஏப்ரல் முதல் அவ்வமைப்பு சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வருமான வரிப் பதிவுகள் இல்லாத சாதாரண நலச்சங்கத்துக்கு அது கிடைக்காது. நிறுவனமே நேரடியாக வேலையைச் செய்து தருவதற்கு நகராட்சியிடம் அனுமதி பெறுவது எளிய வழி.

நிறுவனம் கிடைக்கவில்லையென்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது: மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் எஞ்சியதை அரசு தரும். வசூலிக்கும் தொகைக்கு ரசீது கொடுங்கள். ஒருவரின் சொந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி (சிங்கப்பூரில் வசிக்கும் வாசகர்): எங்கள் ஊர்த் திடலுக்கு இங்குள்ளோர் பணம் அனுப்ப விரும்புகிறோம்.

பதில்: உங்களில் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றோர், வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு மூலமாகவே கருதப்படுவர். அவர்கள் பணத்தை வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே, அதுவும் புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் பெற முடியும். இரண்டையும் ஒரே உண்டியலில் கலக்காதீர்கள்.

கேள்வி (எர்ணாவூர் பக்கத்து வாசகர்): 2023 வெள்ளத்தில் எண்ணெய் கலந்த நீர் எங்கள் திடலில் நின்றது. மேலே மண் கொட்டி மூடினால் போதாதா?

பதில்: போதாது. எண்ணெய் ஊறிய மண் சாதாரணக் குப்பை அன்று. மாதிரி எடுத்துப் பரிசோதித்து, அபாயகரக் கழிவு விதிகளின்படி அகற்ற வேண்டியது. அச்செலவை நீங்களோ மாநகராட்சியோ சுமக்க வேண்டும் என்பதும் இல்லை. 2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, மாசால் கெட்ட சொத்தையும் சுற்றுச்சூழலையும் மீட்க ஆணையிட வழி செய்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படை. விண்ணப்பிக்க, பாதிப்பு எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் அவகாசம் உண்டு. அந்த எண்ணெய்க் கசிவைச் சென்னையிலுள்ள அத்தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது என்பதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

கேள்வி (ஊராட்சி வாசகர், தூத்துக்குடி மாவட்டம்): கிராமத்தில் இவ்வளவு வழிகள் இல்லையே?

பதில்: நகரத்தைவிட ஒரு வழி கூடுதலாகவே இருக்கிறது: ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபை. அங்கே நிறைவேறிய தீர்மானம் இல்லாமல் தனி மனுவாகப் போனால் வலு குறைவு. 2021–26 காலத்துக்கான பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டியிருந்தது. எஞ்சிய 40 விழுக்காட்டில்தான் திடலுக்கு இடம் இருந்தது. இப்போதைய மானியத்தில் எந்தப் பங்கு அப்படி இருக்கிறது என்பதை அறிந்து கேளுங்கள். திடல் அரசுப் பள்ளி வளாகத்துக்குள் இருந்தால், முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் நன்கொடை தரும் "நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி" திட்டத்தைத் தலைமையாசிரியர் வழியாக அணுகலாம்.

கேள்வி (பலர் கேட்டது): மனுவை எப்போது கொடுப்பது நல்லது?

பதில்: சேறு அகற்றும் மனுவை நீர் வடிந்த அன்றே கொடுங்கள். தரைக்கும் வடிகாலுக்குமான கோரிக்கையைப் பொறியாளர் கையொப்பமிட்ட மதிப்பீட்டுடன் ஜனவரிக்குள் சேர்த்துவிடுங்கள். உள்ளாட்சியின் வரவுசெலவுத் திட்டம் அதன்பின் உருவாகும். ஏப்ரலில் நிர்வாக ஒப்புதல் கிடைத்து, ஜூனுக்குள் ஒப்பந்தப்புள்ளி முடிந்தால்தான் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் வேலை முடியும். செப்டம்பரில் தொடங்கும் வேலையை ஏற்காதீர்கள். புதிதாகக் கொட்டிய மணல் வடிகால் முடியும் முன்பே மழைநீரோடு போய்விடும், அந்தப் பணத்தை மறுபடியும் யாரும் தரமாட்டார்கள்.