தாமிர வினையூக்கியை நம்பி மகளை வேதியியலில் சேர்க்கலாமா?

அன்புள்ள ஐயா,

கரியமில வாயுவை மெத்தனால் என்ற சாராய வகைத் திரவமாக மாற்றும் வினையூக்கிகளை, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்களைப் பற்றித்தான் படிப்பேன் என்று தங்கள் மகள் உறுதியாக நிற்பதையும், கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு இது விஷப்பரீட்சையாகிவிடுமோ என்று தாங்கள் அஞ்சுவதையும் கடிதத்தில் படித்தேன். அச்சத்தில் பாதி நியாயமானது. எந்தப் பாதி என்பதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

இது நேற்று முளைத்த துறை அன்று. தாமிரம், துத்தநாக ஆக்சைடு, அலுமினா (அலுமினிய ஆக்சைடு) மூன்றும் சேர்ந்த வினையூக்கியை இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1966இலேயே மெத்தனால் ஆலையில் பயன்படுத்தியது. பார்ப்பதற்குக் கறுப்பு மாத்திரை போலிருக்கும் அந்த வில்லைகளை உலையில் நிரப்பி, நைட்ரஜனில் சிறிதளவு ஹைட்ரஜன் கலந்து, வெப்பம் எகிறிவிடாமல் மெல்ல மெல்லச் செலுத்தினால்தான் தாமிர ஆக்சைடு தாமிரமாகி வேலைக்குத் தயாராகும். அவசரப்பட்டால் தாமிரத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்து, வில்லைகள் பயனற்றுப் போகும். கந்தகம் துளி கலந்தாலும் இதே கதிதான். கரியமில வாயுவை மூலப்பொருளாகக் கொள்ளும்போது ஒவ்வொரு மூலக்கூறு மெத்தனாலோடும் ஒரு மூலக்கூறு நீரும் பிறக்கிறது. அந்த நீராவி தாமிரத் துகள்கள் பருப்பதை மேலும் விரைவுபடுத்துகிறது. தங்கள் மகளை ஈர்த்திருப்பது இந்தச் சிக்கல்தான். ஈர்க்கக்கூடிய சிக்கலும்கூட.

நியாயமான அச்சம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு டன் மெத்தனாலுக்குச் சுமார் 1.4 டன் கரியமில வாயுவும் 190 கிலோ ஹைட்ரஜனும் தேவை. நீரைப் பிளந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாவதால், வினையூக்கி எவ்வளவு சிறந்ததாயினும் விலையை நிர்ணயிப்பது மின்கட்டணமே. ஆகவே இதுவரை கட்டப்பட்ட ஆலைகள் சிலவே. எடுத்துக்காட்டாக, ஐஸ்லாந்தின் ஸ்வார்ட்செங்கியில் ஆண்டுக்கு 4,000 டன், சீனாவின் ஆன்யாங்கில் 1,10,000 டன், நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசலில் அரசு மின் நிறுவனமான என்.டி.பி.சி. அமைத்தது நாளொன்றுக்கு 10 டன். இவற்றில் மட்டும் வேலை தேடுவதாயின் நானே வேண்டாம் என்பேன்.

ஆனால் ஏறத்தாழ இதே தாமிர-துத்தநாக வில்லைகள்தாம் உரத்துக்கான அம்மோனியா தயாரிப்பில், கார்பன் மோனாக்சைடை நீக்கும் உலையிலும் நிரப்பப்படுகின்றன. மெத்தனாலுக்கு வினையூக்கி செய்யக் கற்றவர் உர ஆலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, வினையூக்கி தயாரிக்கும் நிறுவனம் என எங்கும் போகலாம். படிக்கப்போவது மெத்தனாலை அன்று, வினையூக்கத்தை என்று எண்ணிக்கொண்டால் வாசல் அகலமாகத் தெரியும்.

பாதை இரண்டு. வினையூக்கியை உருவாக்க வேண்டுமென்றால் பி.எஸ்ஸி. வேதியியல், எம்.எஸ்ஸி.க்கான ஜாம் நுழைவுத் தேர்வு, எம்.எஸ்ஸி., ஆராய்ச்சிக்கான நெட் தகுதித் தேர்வு, பிஎச்.டி. என ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆகும். சென்னை ஐ.ஐ.டி.யில் வினையூக்க ஆராய்ச்சிக்கென்றே தேசிய மையம் உண்டு. நெட் தேர்வின் வழியே ஜே.ஆர்.எஃப். எனும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், அது மாதம் 37,000 ரூபாய் என்பதால் ஆராய்ச்சிக் காலத்தில் வீட்டை எதிர்பார்க்க வேண்டியிருக்காது. பட்டம் வாங்கும்போது வயது 27, 28 ஆகிவிடும். உறவினர்களின் கல்யாணப் பேச்சுக்கு என்ன பதில் சொல்வது என்பதை இப்போதே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள், பலரது படிப்பு பாதியில் நிற்பது அங்கேதான். அவ்வளவு காலம் பொறுக்க முடியாது, ஆலையை இயக்குவதே போதும் என்றால் பி.டெக். கெமிக்கல் இன்ஜினியரிங் போதுமானது. நான்காண்டில் வேலைக்கும் போகலாம், எம்.டெக்.கிற்கான கேட் தேர்வு எழுதி மேலும் படிக்கலாம். வெறும் பி.எஸ்ஸி.யோடு நிறுத்துவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மகள் பி.எஸ்ஸி.யைத் தேர்ந்தெடுத்தால், சேரும் முன் கல்லூரி ஆய்வகத்தை ஒருமுறை நேரில் பாருங்கள். வாயுக் கலவையில் எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் வாயு வண்ணப்பிரிகைக் கருவி (கேஸ் குரோமட்டோகிராஃப்) இருக்கிறதா, அது ஓடுகிறதா, இளநிலை மாணவர்கள் அதைத் தொட அனுமதி உண்டா என்ற மூன்றையும் ஆய்வக உதவியாளரிடம் விசாரியுங்கள். முதல்வர் அறையில் கேட்க வேண்டாம்.