சிசேரியனோடு சேர்த்தே வயிற்றுத் தோலையும் சீர்செய்துகொள்ளலாமா?

கேள்வி: இரண்டாவது பிரசவமும் சிசேரியன்தான் என்று முடிவாகிவிட்டது, டாக்டர். எப்படியும் வயிற்றைத் திறக்கத்தான் போகிறீர்கள். அதே மயக்கத்திலேயே தொங்கும் தோலையும் எடுத்துவிட்டால் என்ன?

பதில்: இதைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் 'எப்படியும் திறக்கத்தானே போகிறீர்கள்' என்றே தொடங்குகிறார்கள். சிசேரியனுக்கு அடிவயிற்றில் ஏறத்தாழ 10 முதல் 15 செ.மீ. நீளக் கீறல் போதும். வயிற்றுச் சீரமைப்பு அறுவை சிகிச்சையிலோ, பெரும்பாலும் ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை கீறி, தோலையும் கொழுப்பையும் தசையிலிருந்து விலாவின் கீழ்விளிம்பு வரை பிரித்து, விலகிய தசைகளை இழுத்துத் தைத்து, தொப்புளுக்குப் புதிய துளையிட்டுப் பொருத்த வேண்டியிருக்கிறது.

அதைவிட முக்கியமானது அளவு. குழந்தையும் நஞ்சும் வெளிவந்த பிறகும் கருப்பை ஏறக்குறைய 1 கிலோ எடையுடன் தொப்புள் உயரத்தில் கெட்டியாக நிற்கும். அது 100 கிராமுக்கும் கீழே சுருங்கி இடுப்புக்கூட்டுக்குள் இறங்க 6 வாரங்கள் பிடிக்கும். தோலிலும் நீர் கோத்திருக்கும். அந்த நேரத்தில் எவ்வளவு தோல் மிகுதி என்று கணிப்பது, நனைத்துச் சுருங்கவிடாத புதுத் துணியை அளவெடுத்து வெட்டுவதற்குச் சமம். இரண்டையும் ஒன்றாகச் செய்யும் மருத்துவர்கள் இல்லாமல் இல்லை; ஆனால் கருப்பை சுருங்கியதும் தோல் மறுபடி தளர்ந்து, இரண்டாம் முறை சரிசெய்ய நேர்ந்தால், மிச்சப்படுத்த நினைத்த அறுவை சிகிச்சை திரும்ப வந்து நிற்கும்.

கேள்வி: அழகு சரியாக அமையாது என்பது மட்டும்தான் பிரச்சினையா? உயிருக்கு ஆபத்து உண்டா?

பதில்: உண்டு, என் தயக்கத்துக்கு முதல் காரணமே அதுதான். பிரசவத்தில் இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவதற்காகக் கர்ப்பிணியின் இரத்தம் எளிதில் உறையும் தன்மையைப் பெறுகிறது. இதனால் கால் இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி உண்டாகி நுரையீரலுக்குச் சென்று அடைக்கும் ஆபத்து, பிரசவத்துக்குப் பிந்தைய முதல் 6 வாரங்களில்தான் மிக அதிகம். வயிற்றுச் சீரமைப்பு தன்னளவிலேயே அந்த ஆபத்தைக் கூட்டுகிற ஒன்று. சிசேரியனில் இயல்பாகவே அரை லிட்டர் முதல் 1 லிட்டர் வரை இரத்தம் போகக்கூடும் என்பதையும், அதற்கு மேல் அகலமாகப் பிரித்த தசைப்பரப்பும் கசியும் என்பதையும், கூடுதலாகச் சில மணி நேரம் மேசையில் கிடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிறகு வார்டுக்கு வந்தால், வயிற்றிலிருந்து கசிவுநீர்க் குழாய் தொங்க, தையல் இழுக்காதபடி முன்குனிந்தே நடந்துகொண்டு, இரண்டு மணிக்கொரு தரம் குழந்தையைத் தூக்கிப் பாலூட்ட வேண்டும்.

கேள்வி: குடும்பக் கட்டுப்பாட்டை மட்டும் சிசேரியனோடு சேர்த்துச் செய்கிறீர்களே?

பதில்: கருக்குழாய்கள் அதே திறப்பில் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. புதிய கீறல் தேவையில்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

கேள்வி: முதல் சிசேரியன் தழும்பு தடித்து அசிங்கமாக இருக்கிறது. அதையாவது எடுக்கலாமா?

பதில்: தாராளமாக. பழைய தழும்பை வெட்டியெடுத்துவிட்டு அதே கோட்டில் தைப்பது வழக்கமானதுதான், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தடித்து வளரும் இயல்புள்ள தோலில் புதுத் தழும்பும் தடிக்கலாம்.

கேள்வி: அப்படியானால் எப்போதுதான் செய்துகொள்வது?

பதில்: குறைந்தது 6 மாதம், முடிந்தால் ஓராண்டு கழித்து. தாய்ப்பால் நிறுத்தி, எடை ஒரு நிலைக்கு வந்து, இனிக் குழந்தை வேண்டாம் என்ற தீர்மானமும் இருக்க வேண்டும். அதற்குள் விலகிய தசைகள் தாமாகவே ஓரளவு ஒன்றுசேர்ந்துவிடுவதுண்டு. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கியபடி, தொப்புளுக்குச் சற்று மேலே விரல்களைக் குறுக்காக வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி தெரிந்தால் இயன்முறை மருத்துவரிடம் முறையான பயிற்சி கற்றுக்கொள்ளுங்கள். தசை பயிற்சிக்கு இணங்கும், தொங்கும் தோல் இணங்காது. தோலுக்காகப் பின்னாளில் அறுவை சிகிச்சை செய்யும்போது, தாழ்வாக அமைந்த சிசேரியன் தழும்பும் பெரும்பாலும் வெட்டியெடுக்கும் பகுதிக்குள்ளேயே போய்விடும்.

கேள்வி: செய்துகொண்ட பிறகு மீண்டும் கர்ப்பமானால்?

பதில்: கர்ப்பம் தரிக்கவும் குழந்தை பெறவும் பொதுவாகத் தடையில்லை, சிசேரியன் தேவைப்பட்டால் அந்தத் தழும்பின் வழியாகவே செய்யலாம். தைத்த தசையும் இறுக்கிய தோலும் மறுபடி தளரக்கூடும் என்பதால்தான், கடைசிக் குழந்தைக்குப் பிறகு வாருங்கள் என்கிறோம்.